ஸ்வீடன் துப்பறியும் நாவல்களில் போலீஸ்காரர்கள் ஏன் எப்போதும் நொந்துபோனவர்களாகவே இருக்கிறார்கள்? அதில் என்ன சுவை?

இதற்கு வழிபோட்டவர்கள் மாய் ஷோவால், பேர் வாலோ என்ற இணையர். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். இருவரும் இடதுசாரிகள், மக்கள் நல அரசு என்று பெயரெடுத்த நாட்டின் அழுக்கைக் காட்டக் கொலை வழக்கைக் கருவியாக்கினார்கள். அவர்களுடைய நாயகனான போலீஸ்காரர் மார்ட்டின் பெக்குக்கு வயிற்றுக்கோளாறு, ஓயாத சளி, கசந்துபோன மணவாழ்க்கை. முதல் நாவலில் கால்வாயில் கிடைத்த பெண் யார் என்று தெரியவே மாதக்கணக்கில் ஆகிறது. மேதைத் துப்பறிவாளர் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பதைவிட இந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

1991இல் ஹென்னிங் மான்கெல் படைத்த கர்ட் வாலண்டர் இன்னும் நெருக்கமானவர். ஈஸ்டாட் என்ற சிறு கடலோர நகரம், விவாகரத்து, மது, பின்னாளில் நீரிழிவு. தந்தையோ ஒரே இயற்கைக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைபவர். சிலவற்றில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது. (அந்தக் கிழவருக்காகவே படிக்கலாம்.) வாலண்டரின் சோர்வு வெறும் அலங்காரம் அல்ல. தன் நாடு தனக்கே புரியாமல் மாறிவருகிறது என்ற பதற்றம் அதில் இருக்கிறது. குற்றவாளி பிடிபட்டாலும் அது தீர்வதில்லை.

பின்னால் வந்த பலர் குடியையும் விவாகரத்தையும் சீருடைபோல மாட்டிவிட்டார்கள். அவை எனக்குச் சலிப்புதான். மார்ட்டின் பெக்கிலிருந்து தொடங்குங்கள்.