பர்க்கன்ஹெட் கப்பல் மூழ்கியதற்குக் கேப்டன் மட்டும்தான் காரணமா?

கேப்டன் சால்மண்டுக்குப் பங்கு உண்டு. 1852 பிப்ரவரி 26 அதிகாலை, தென்னாப்பிரிக்காவின் டேஞ்சர் பாயிண்ட் அருகே படைவீரர்களை ஏற்றிச்சென்ற அந்தப் பிரிட்டிஷ் கப்பலைக் கரையை ஒட்டியே செலுத்தினார். பாறையில் மோதியபின் என்ஜினைப் பின்னோக்கி இயக்கச் சொன்னார்; கிழிசல் பெரிதானது. ஆனால் ‘மட்டும்தான்’ என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியாது. தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெண்களையும் குழந்தைகளையும் படகில் அனுப்பிவிட்டு வீரர்கள் அணிவகுத்து நின்ற கதையோடு பாடம் முடிந்திருக்கும்.

1845இல் இங்கிலாந்தின் லேர்டு கப்பல் கட்டும் பட்டறையில் போர்க்கப்பலாகக் கட்டப்பட்ட இரும்புத் துடுப்புச் சக்கரக் கப்பல் அது. இரும்பு உடல் பீரங்கிக் குண்டைத் தாங்காது என்று கடற்படை பின்வாங்கியதும், படை ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். வீரர்கள் புழங்க வசதியாக, நீர்புகாத் தடுப்புச் சுவர்களில் திறப்புகளை வெட்டினார்கள். மோதிய பிறகு தண்ணீர் ஓர் அறையோடு நிற்காததற்கு அதுதான் காரணம். கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் எழுவதற்குள் மூழ்கினார்கள். சுமார் 640 பேரில் 193 பேரே பிழைத்தார்கள்.

நான் சரக்குக் கப்பல்களில் என்ஜின் பொறியாளராக இருந்தவன். ஒருமுறை உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) புதிய கேபிள் இழுப்பதற்காக, என்ஜின் அறைக்கும் சரக்கு அறைக்கும் நடுவிலிருந்த சுவரில் கை நுழையும் அளவுக்குத் துளை போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். அடைக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். “நாளைக்குக் கப்பல் கிளம்ப வேண்டும், ஒரு துளைக்கா இவ்வளவு?” என்று கரையிலிருந்து வந்த அதிகாரி கத்தினார். நான் நகரவில்லை. இரவோடு இரவாக அடைத்தார்கள். புறப்பாடு அரைநாள் தள்ளிப்போனது. அந்த நிறுவனம் அதற்குப் பிறகு என்னை அழைக்கவே இல்லை. இன்றும் அதே இடத்தில் நிறுத்தினால் அதையேதான் செய்வேன்.

வீரர்களின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். படகுகள் கவிழ்ந்துவிடும், நில்லுங்கள் என்று வீரர்களின் தலைவர் கர்னல் செட்டன் கேட்டபோது நின்றவர்களை நான் வணங்குகிறேன். தடுப்புச் சுவர்களை வெட்டி அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்த வேலையைப் பற்றியும் பேசுங்கள் என்கிறேன்.