குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பாற்ற எல்லாப் பெரியவர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். ஆனால் பயிற்சி என்றதும் நம் மனதில் வருகிற, ஸ்லைடு போட்டுக் காட்டி, கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பும் வகுப்பைச் சொல்லவில்லை. அப்படி ஒரு வகுப்பில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், சான்றிதழும் வாங்கினேன். எட்டு மாதம் கழித்து ஒரு குழந்தை என்னிடம் வாய் திறந்தபோது சொதப்பினேன். அதனால் இந்தக் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளம்.

வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் ஒரு குழுவில் அப்போது தன்னார்வலராக இருந்தேன். ஒருநாள் கதை முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். எட்டு வயதிருக்கும் ஒரு பெண், குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "அந்த அண்ணா விளையாடற விளையாட்டு எனக்குப் பிடிக்கலை."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. "எந்த அண்ணா? என்ன விளையாட்டு? உன்னைத் தொட்டானா?" மூன்று கேள்வி, ஒரே மூச்சில். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல அங்கிள்" என்று ஓடிவிட்டாள்.

அன்று மாலையே குழுப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்த ஒருவர் பிறகு அவளிடம் பேசினார். அதற்கு மேல் அது அவளுடைய விஷயம், இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. என் பங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவள் பாதி சொல்ல வந்தாள், மீதியை என் முகம் நிறுத்திவிட்டது. முதல் வகுப்பில் எனக்குப் புள்ளிவிவரம் சொன்னார்கள், சட்டம் சொன்னார்கள், அறிகுறிகளின் பட்டியல் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

நான் செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன விஷயம். அவள் அருகில் உட்கார்ந்து, "சொன்னது நல்லது. இன்னும் சொல்லணும்னா சொல்லு, கேக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்டே ஆக வேண்டுமென்றால் "என்ன நடந்துச்சு?" போன்ற திறந்த கேள்வி ஒன்று போதும். "தொட்டானா?" என்று கேட்கக் கூடாது, ஏனென்றால் அதில் பதிலை நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது, சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே குறித்து வைக்க வேண்டும். துருவித் துருவி விசாரிப்பது என் வேலையே இல்லை.

இது ஏதோ மென்மையான மனசுக்காரர்கள் சொல்லும் அறிவுரை என்று நினைக்க வேண்டாம். 1983இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளியின் மீது, பிள்ளைகளிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாக ஒரு புகார் வந்தது. உள்ளூர்ப் போலீஸ் சுமார் 200 பெற்றோருக்குக் கடிதம் அனுப்பி, உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்றது. பதறிப்போன பெற்றோர் கேட்டார்கள். அப்புறம் நேர்காணல் எடுத்தவர்கள், வேண்டிய பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிள்ளைகளின் கதைகள் நம்ப முடியாத அளவுக்கு வளர்ந்தன. 1990இல் யாருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. கேட்ட விதத்திலேயே எல்லாம் கலங்கிப்போனதால், உண்மையில் அங்கே ஏதாவது நடந்திருந்தாலும்கூட அதைப் பிரித்தெடுக்க வழியில்லாமல் போயிற்று. பயிற்சி இல்லாத அக்கறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதன் மறுபக்கம், பார்த்தும் பார்க்காமல் இருப்பது. 1962இல் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், அடிபட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். எக்ஸ்ரேயில் பழைய முறிவும் புதிய முறிவுமாகத் தெரிகிற எலும்புகளை அதுவரை மருத்துவர்கள் பார்க்காமல் இல்லை. "கட்டிலிலிருந்து விழுந்துட்டான்" என்று பெற்றோர் சொன்னால் நம்பி அனுப்பிவிடுவார்கள். பெற்றோரே அப்படிச் செய்வார்கள் என்று எண்ணவே மருத்துவர்களுக்கு மனம் வரவில்லை என்பதையும் அந்தக் கட்டுரை சொன்னது. அது வந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் வந்தால் மருத்துவர் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எலும்பு அதே எலும்புதான். பார்ப்பவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, கண்ணெதிரே பார்த்தவர் என்ன செய்வார்? நாமாக இருந்தால் பாய்ந்து தடுத்திருப்போம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் படித்தபிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. 2001இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் இளம் உதவியாளர் ஒருவர், முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெரி சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு குளியலறையில் பார்த்தார். மறுநாள் தலைமைப் பயிற்சியாளரிடம் சொன்னார். அவர் தன் மேலதிகாரியிடம் சொன்னார். விஷயம் பல்கலைக்கழகத் தலைவர்வரை போயிற்று. போலீசிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சாண்டஸ்கி, பிள்ளைகளுக்காகத் தொண்டு நிறுவனமே நடத்தியவர், எல்லோருக்கும் வேண்டியவர். அவர் கைதாக 2011 ஆயிற்று. 2012இல் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் யாரும் படிக்காதவர்களோ கெட்டவர்களோ இல்லை. ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருப்பவரிடம் சொன்னதோடு கடமை முடிந்தது என்று நினைத்தார்கள். நாமும் அலுவலகத்தில் தினமும் இதைத்தானே செய்கிறோம்?

குழந்தைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலானோர் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் தெரிந்தவர்கள் என்பதை இப்போது கிட்டத்தட்ட எல்லோரும் கேட்டிருப்போம். "ஆமாம், ஆமாம்" என்று ஒத்துக்கொள்வோம். ஆனால் 'தெரிந்தவர்' என்பது நமக்குப் பிடித்தவர், நமக்கு உதவியவர், போன வாரம் நம்மைச் சிரிக்க வைத்தவர் என்று அர்த்தம் ஆகும்போது தடுமாறிவிடுகிறோம். அவர் முதலில் வசப்படுத்துவது குழந்தையை அல்ல, பெரியவர்களைத்தான். "நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்று எப்போதும் கை கொடுக்கிற மனிதரைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்?

என் இரண்டாவது பயிற்சி இந்த இடத்தில்தான் என்னைப் பிடித்தது. நடத்தியவர் வயதான ஓர் அம்மா. ஸ்லைடு எதுவும் இல்லை. இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்தார். எதிரில் இருப்பவர் என் நெருங்கிய நண்பர் என்று வைத்துக்கொள்ள வேண்டும், அவர் ஒரு குழந்தையைத் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார், நான் தடுக்க வேண்டும். இவ்வளவுதான் நாடகம். நான் ஆரம்பித்தேன்: "இல்ல... தப்பா எடுத்துக்காத... நான் பொதுவாத்தான் சொல்றேன்... உன்னைச் சொல்லலை..." ஒரு நிமிடம் ஓடியது. விஷயம் வாயிலிருந்து வரவே இல்லை. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அவர் உள்ளே போயிட்டார் தம்பி."

எல்லோரும் சிரித்தோம். அடுத்து முயன்றவரும் அதேபோல் திணறினார். நான்காவது முறையில்தான் எனக்கு வந்தது: "கதவு திறந்தே இருக்கட்டும். இங்க எல்லாருக்கும் அதான் வழக்கம்." இதில் யார்மேலும் பழி இல்லை. நல்ல மனிதர் "ஓ, சரி" என்று கதவைத் திறந்து வைப்பார். கோபப்படுகிறவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளலாம். கேட்க எளிதாக இருக்கும் இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்ல நாக்கு பழக வேண்டியிருந்தது. நின்றுபோன இதயத்தை அமுக்கி இயக்கும் முதலுதவியைப் பொம்மையை வைத்துப் பழகுகிறோம் இல்லையா, அதேபோல. புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவன் கை நடுங்கிக்கொண்டுதான் நிற்பான்.

'குட் டச், பேட் டச்' எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பயன் இல்லாமல் இல்லை. பள்ளிகளில் நடத்தும் இத்தகைய பாடங்களைப் பற்றிய 24 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் தொகுத்துப் பார்த்தது. பிள்ளைகளின் அறிவும், தற்காத்துக்கொள்ளும் திறனும் கூடுவது அதில் தெரிந்தது. ஆனால் அதனால் துன்புறுத்தலே குறைகிறதா என்பதை அந்த ஆய்வுகள் சரிவர அளக்கவில்லை. எனக்கு வேறொரு சங்கடமும் உண்டு. நாள் முழுக்க "பெரியவங்க சொன்னா கேக்கணும்", "அங்கிளுக்கு ஒரு முத்தம் குடு, அடம் பிடிக்காதே" என்று பழக்கிவிட்டு, ஆறு வயதுப் பிள்ளை ஒருநாள் தன்னைவிட நான்கு மடங்கு எடையுள்ள ஒருவரிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கிறோம். காவல் வேலையைக் காக்கப்பட வேண்டியவர் தலையிலேயே கட்டுகிறோம். அப்படியே அந்தப் பிள்ளை தைரியமாக வந்து சொன்னாலும் கேட்க என்னைப் போல ஒருவன்தான் இருப்பான், மூன்று கேள்வியோடு.

சொல்லாமல் போனால் எவ்வளவு காலம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஓர் அரச விசாரணை ஆணையம், நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்தது. 8,000 பேர்போல் தனியாக வந்து பேசினார்கள். நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தது. பத்து வயதில் நடந்ததை முப்பத்து நான்கு வயதில் சொல்வது.

ஒன்றை விட்டுவிடக் கூடாது. இந்தப் பயிற்சிகள் பாலியல் கொடுமையோடு நின்றுவிட்டால் நமக்கெல்லாம் வசதி, ஏனென்றால் அதில் குற்றவாளி எப்போதும் வேறு யாரோ. அடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அறையில் பாதிப் பேர் நாற்காலியில் நெளிவார்கள். "அடியாத மாடு படியாது" என்று ஒருவராவது சொல்வார். பிள்ளையை மாட்டோடு சேர்த்துச் சொல்கிறோம் என்பதுகூட உறைக்காது. ஸ்வீடன் 1979இல், உலகிலேயே முதலாவதாக, வீட்டில் அடிப்பது உட்பட எல்லா உடல்ரீதியான தண்டனையையும் தடை செய்தது. சட்டம் போட்டதோடு விடாமல், அதைப் பற்றிப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டார்கள், வீடுகளுக்குச் சிறு புத்தகம் அனுப்பினார்கள். காலையில் பால் ஊற்றும்போது அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகப் படிக்கலாம். எல்லாப் பெரியவர்களுக்கும் பயிற்சி என்பதற்கு மிக அருகில் வந்தவர்கள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

கட்டாயமாக்கலாமா என்றால், பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லோருக்கும் கட்டாயம்: ஆசிரியர், பயிற்சியாளர், வாகன ஓட்டுநர், காவலாளி, என்னைப் போன்ற தன்னார்வலர். ஆண்டுக்கு ஒருமுறை, நேரில், வாய்விட்டுப் பேசிப் பழகும் வகையில். மற்றவர்களைச் சட்டம் போட்டு உட்கார வைத்தால் போனில் வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டும். பிரசவமாகி வீடு திரும்பும் முன் பெற்றோருக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால்கூடப் பெரிய விஷயம்.

"தப்பு செய்கிறவனும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பானே?" இருப்பான். இருக்கட்டும். சுற்றியிருக்கும் முப்பது பேருக்கும் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது என அவனுக்கும் தெரியட்டும். "எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவோமே" என்பது இன்னும் நியாயமான கவலை. பிள்ளையைத் தூக்கவே பயப்படும் ஆண்கள் இருக்கிறார்கள், எனக்கும் சில மாதம் அந்தக் கூச்சம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே வழக்கம் என்று ஆனபிறகு அது போய்விட்டது. கதவு திறந்திருக்கிறது, நாலு பேர் கண்ணில் படுகிறோம், யாரும் யாரையும் சந்தேகப்படவும் வேண்டியதில்லை, விளக்கம் சொல்லவும் வேண்டியதில்லை.

இப்போதும் கதை படிக்கப் போகிறேன். போன மாதம் ஒரு பையன் எல்லோரும் போகும்வரை சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு வந்து, "அங்கிள், ஒண்ணு சொல்லட்டா?" என்றான். தரையில் உட்கார்ந்து "சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினான். யானைப் படம் இருந்த பக்கம் நடுவில் கிழிந்திருந்தது. இரண்டு பேருமாகப் பசையைத் தேடினோம்.