'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் உருவானபோது திரைக்குப் பின்னால் நடந்த, அதிகம் பேசப்படாத விஷயங்கள் என்னென்ன?

ஒரு நடிகர் ஹெல்மெட்டை எட்டி உதைத்துக் கால் விரலை முறித்துக்கொண்ட கதை, இன்னொருவர் ஹெலிகாப்டருக்குப் பயந்து முழு வேடத்தோடு மலையேறிய கதை எல்லாம் யூடியூபில் ஏற்கெனவே நூறு பேர் சொல்லி முடித்துவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எனக்குக் காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம். செட்டிநாட்டு வீடுகளில் ஷூட்டிங் நடக்கும்போது ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் ஒரு சுற்று வருவார்கள். பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, வெற்றிலைப் பெட்டி, பீங்கான் சாடி, மரப்பெட்டி என்று வாடகைக்கு எடுத்துப் போவார்கள். அதனாலோ என்னவோ, எந்தப் படம் பார்த்தாலும் என் கண் நடிகரின் முகத்தை விட்டுவிட்டு அவர் கையில் இருக்கும் குவளைக்குத்தான் போகிறது. இந்தப் பதிலும் அந்தப் பக்கமாகத்தான் சாயும்.

அடிப்படை விவரம் முதலில். டோல்கினின் நாவல் 1954, 1955இல் மூன்று பாகங்களாக வந்தது. பீட்டர் ஜாக்சன் அதை நியூசிலாந்தில் 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை, மூன்று படங்களையும் சேர்த்தே எடுத்தார். 2001, 2002, 2003 என்று ஒவ்வொரு டிசம்பரிலும் ஒன்று வெளியானது. மூன்றாவது படம் 11 ஆஸ்கருக்குப் போட்டியிட்டு 11ஐயும் வாங்கியது. சரி, இதெல்லாம் தெரிந்ததுதான்.

என்னை அசரவைத்தது அளவு விவகாரம். ஹாபிட்கள் ஏறக்குறைய மூன்றரை அடி ஆட்கள். கேண்டால்ஃப் என்ற மந்திரவாதி அவர்கள் பக்கத்தில் நின்றால் மலை மாதிரி தெரிய வேண்டும். ஆனால் ஹாபிட்டாக நடித்த எலைஜா வுட்டும் மற்றவர்களும் சாதாரண உயர மனிதர்கள். கம்ப்யூட்டரில் சுருக்கிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பல காட்சிகளில் தச்சு வேலைதான் அந்த மாயத்தைச் செய்தது. ஃப்ரோடோவும் பில்போவும் வசிக்கும் 'பேக் எண்ட்' வீட்டின் உட்புறத்தை இரண்டு முறை கட்டினார்கள். ஹாபிட் நடிகர்களுக்குப் பொருந்தும் அளவில் ஒன்று. கேண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் உள்ளே வந்தால் தலை உத்தரத்தில் இடிக்கும்படி, அதைவிட மூன்றில் ஒரு பங்கு சிறியதாக இன்னொன்று. வீடு இரண்டு என்றால் நாற்காலி, மேசை, புத்தகம், தட்டு, கோப்பை என்று உள்ளே இருக்கும் சாமான்களும் இரண்டு அளவில் வேண்டும். அதே சாயம், அதே தேய்மானம், அதே இடத்தில் அதே கீறல்.

எங்கள் கடைக்கு மரவேலை செய்து தரும் ஆசாரியிடம் இதைச் சொன்னேன். "ஒரே வீட்டுக்கு ரெண்டு கூலியா? நம்மகிட்ட அப்புடி யாரும் வரமாட்டேங்குறாகளே அண்ணே" என்றார் முதலில். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அளவைக் குறைச்சுப்புடலாம், மரத்து ரேகையை எப்புடிக் குறைப்பாக?" என்று கேட்டார். சினிமாவைப் பற்றி இவ்வளவு சரியான கேள்வியை எந்த விமர்சகரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சின்ன நாற்காலியில் பெரிய நாற்காலியின் ரேகை ஓடினால், ஏன் என்று தெரியாமலேயே பார்ப்பவருக்கு உறுத்தும். இரட்டைப் பொருள் செய்வதில் உள்ள கஷ்டம் முழுவதும் இந்த மாதிரி இடங்களில்தான்.

இரண்டு பேரும் ஒரே ஃப்ரேமில் வர வேண்டிய காட்சிகளுக்கு வேறு வித்தை. முதல் படத்தில் கேண்டால்ஃபும் ஃப்ரோடோவும் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவார்கள். உண்மையில் ஃப்ரோடோவின் இருக்கை கணிசமாகப் பின்னால் தள்ளி இருக்கிறது. கேமரா கோணத்தில் பக்கத்தில் இருப்பதுபோல் விழுகிறது. இது பழைய தந்திரம், கேமரா அசையாத வரைக்கும் தாக்குப்பிடிக்கும். கேமரா நகர்ந்தால் குட்டு உடைந்துவிடும். ஜாக்சன் குழு அதற்கும் வழி கண்டது. மேசையை இரண்டு துண்டாக, இரண்டு அளவில் செய்து, ஒரு நடிகரையும் அவர் பக்கத்துத் துண்டையும் நகரும் மேடையில் வைத்தார்கள். கேமரா ஒரு பக்கம் போகப் போக, அந்த மேடையும் கணக்காக நகரும். பார்ப்பவருக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பதாகத்தான் தெரியும். அந்த நடிகர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவே முடியாது. வெறும் காற்றைப் பார்த்துப் பாசமாகச் சிரிக்க வேண்டும். மெக்கெல்லன் நாடக மேடையில் ஊறியவர், செய்துவிட்டார்.

தூரத்துக் காட்சிகளுக்கு டூப் ஆட்கள் இருந்தார்கள். ஹாபிட்களுக்கு டூப் போட்டவர்களில் கிரண் ஷா முக்கியமானவர். நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், உயரம் நாலடிக்குச் சற்று மேல். எதிர்ப்பக்கம், ஹாபிட்கள் சின்னவர்களாகத் தெரிவதற்காக ஏழடிக்கும் மேல் உயரமான பால் ராண்டால் என்பவரைப் பெரிய ஆட்களின் உடையில் நிறுத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, குள்ளன் கிம்லியாக நடித்த ஜான் ரிஸ் டேவிஸ். படத்தில் குள்ளன், நேரில் ஆறடியைத் தாண்டியவர், அந்தக் கூட்டத்திலேயே நெடிய ஆட்களில் ஒருவர். அதனால் தயாரிப்புக்கு லாபம்தான். கதைப்படி கிம்லி ஹாபிட்களைவிடக் கொஞ்சம் உயரம். இவரும் ஹாபிட் நடிகர்களைவிட அதே விகிதத்தில் உயரம். ஆக, இவரையும் அந்த நான்கு ஹாபிட் நடிகர்களையும் ஒரே ஃப்ரேமில் எந்தத் தந்திரமும் இல்லாமல் எடுக்கலாம்.

ஹாபிட்களின் ரோமம் முளைத்த பெரிய பாதங்கள் ஒட்டுப் பாதங்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அதை ஒட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மாலையில் கழற்றினால் அதோடு சரி, மறுநாளுக்கு ஆகாது. 1,800 ஜோடிக்கு மேல் செய்தார்கள்.

அடுத்தது ஹாபிட்களின் ஊர். செட்டிநாட்டுக்கு யூனிட் வருவதற்குக் காரணமே இங்கே ஊர் தயாராக இருப்பதுதான். கானாடுகாத்தானில் ஒரு முகப்பைத் திறந்து விட்டால் வளவு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, முட்டைப் பூச்சுச் சுவர் எல்லாம் நூறு வருஷப் பளபளப்போடு நிற்கும். ஆர்ட் டைரக்டருக்குப் பாதி வேலை மிச்சம். ஜாக்சனுக்கு அப்படி எதுவும் கிடையாது. 1998இல் வானிலிருந்து இடம் தேடியபோது மாட்டமாட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் அலெக்சாண்டர் குடும்பத்தின் ஆட்டுப் பண்ணை கண்ணில் பட்டது. கரண்ட் கம்பமோ ரோடோ கண்ணில் படாத பச்சைக் குன்றுகள். 1999 மார்ச்சில் வேலை தொடங்கியது. மண் வெட்டிப் பாதை போட நியூசிலாந்து ராணுவம் இயந்திரங்களோடு வந்தது. 39 வளை வீடுகளின் முகப்பு எழுந்தது. கட்டி முடித்த மறுநாளே ஷூட்டிங் வைக்காமல், வேலியோரச் செடிகளும் காய்கறிப் பாத்திகளும் நன்றாக வளர்ந்து தழையட்டும் என்று மாதக்கணக்கில் விட்டுவைத்தார்கள். நம்மூர்த் தயாரிப்பாளர் யாரிடமாவது 'கத்தரிச்செடி காய்க்கட்டும், அப்புறம் வருவோம்' என்று சொல்லிப் பாருங்கள்.

பேக் எண்ட் வீட்டின் மேல் ஒரு ஓக் மரம் நிற்கும், கவனித்திருப்பீர்கள். புத்தகத்தில் அங்கே மரம் உண்டு, பண்ணையில் இல்லை. அதனால் பக்கத்து ஊர்ப் பகுதியில் நின்ற ஓக் ஒன்றை வெட்டி, கிளை கிளையாக எண் போட்டுக் கொண்டுவந்து, குன்றின் மேல் மறுபடியும் போல்ட் போட்டு நிறுத்தினார்கள். வெட்டிய மரத்தில் இலை நிற்காதே? தைவானிலிருந்து செயற்கை இலைகளை வரவழைத்து ஒவ்வொன்றாகக் கம்பியால் கட்டினார்கள். படத்தில் அது சில நொடிகள் வரும்.

இது கற்பனைக் கதை என்று நினைக்காதீர்கள், நடந்த வரலாறு என்று நினைத்துச் செய்யுங்கள் என்பதுதான் ஜாக்சன் தன் ஆட்களிடம் வைத்த கோரிக்கை. ஆயுதங்களும் கவசங்களும் செய்தது ரிச்சர்ட் டெய்லர் தலைமையிலான வெட்டா வொர்க்‌ஷாப். கதையில் வரும் ரோஹன் நாட்டு அரசன் தியோடனின் மார்புக் கவசத்துக்கு உட்பக்கம், உடம்பை ஒட்டியிருக்கும் தோலில்கூட, அழகாக வேலைப்பாடு செய்திருந்தார்கள். எந்தக் கேமராவும் அதைப் பார்க்கப் போவதில்லை. அதை அணிந்த நடிகர் பெர்னார்ட் ஹில்லுக்கு மட்டும் தெரியும். உள்ளே அதைப் பார்த்ததும் தான் அரசன் என்ற நினைப்பு தானாக வந்தது என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாங்கட்டு அலமாரியின் உட்கதவில் பூ செதுக்கியிருப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விநோதமாகத் தெரியாது.

அதே வெட்டா, செலவை மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் கைதேர்ந்த கஞ்சத்தனமும் காட்டியது. போர்வீரர்கள் போட்டிருக்கும் வளையச் சட்டையை நிஜ இரும்பில் செய்தால் கனத்தில் ஆள் நடக்க முடியாது. எனவே பிளம்பிங் வேலைக்கு வாங்கும் அதே பிவிசி குழாயை மெல்லிய வளையங்களாக நறுக்கி, கையால் ஒன்றோடொன்று கோத்து, உலோகப் பளபளப்பு ஏற்றினார்கள். வளையங்களின் எண்ணிக்கை ஒன்றேகால் கோடி என்று படக்குழுவே சொல்கிறது. கோக்கும் வேலையை வருஷக்கணக்கில் செய்தவர்களின் விரல் ரேகையே தேய்ந்துபோனது என்பார்கள். புதுசாகச் செய்ததையெல்லாம் அப்புறம் பழசாக்க வேண்டும். எங்களிடம் வரும் யூனிட்காரர்களும் முதல் வார்த்தையாக, "பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கிடாதீங்க சார், களிம்பு அப்படியே இருக்கட்டும்" என்றுதான் கெஞ்சுவார்கள்.

கதையே சுற்றிச் சுழலும் அந்த மோதிரம்? நியூசிலாந்தின் நெல்சன் ஊரில் ஜென்ஸ் ஹேன்சன் என்ற பொற்கொல்லர் வடிவமைத்தது. கழுத்தில் தொங்க ஒரு அளவு, விரலில் மாட்ட ஒரு அளவு என்று ஏறக்குறைய நாற்பது செய்தார்கள். காற்றில் சுழன்று விழும் நெருக்கக் காட்சிக்கு எட்டு அங்குல அகலத்தில் ஒன்று. நம் பெண்கள் கையில் போடும் வளையலைவிடப் பெரிய மோதிரம்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு விஷயம். இரண்டாவது படத்தில் பத்தாயிரம் உருக்-ஹாய் அரக்கர்கள் கோட்டைக்கு வெளியே நின்று முழங்குவார்களே, அந்தச் சத்தத்தில் நிஜ ஸ்டேடியம் கலந்திருக்கிறது. 2002 தொடக்கத்தில் வெலிங்டனில் நியூசிலாந்து–இங்கிலாந்து ஒருநாள் ஆட்டம். இன்னிங்ஸ் இடைவேளையில் ஜாக்சன் மைதானத்தில் இறங்கினார். அரக்கர் மொழி வரிகள் பெரிய திரையில் வந்தன. 25,000 பேர் அதைப் பார்த்துக் கத்தினார்கள், நெஞ்சில் அடித்தார்கள், காலால் தரையை உதைத்தார்கள். இவ்வளவு பெரிய துணை நடிகர் கூட்டம் பேட்டா இல்லாமல் வேறு எந்தப் படத்துக்குக் கிடைத்திருக்கும்?

கம்ப்யூட்டர் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்டீஃபன் ரெஜலஸ் எழுதிய 'மாசிவ்' மென்பொருளில் ஒவ்வொரு டிஜிட்டல் வீரனும் சுற்றிலும் பார்த்துத் தானே முடிவெடுப்பான். ஆரம்பச் சோதனையில் சில வீரர்கள் போரை விட்டு ஓடியதைப் பார்த்து, பயந்துவிட்டார்கள் என்று கதை கிளம்பியது. எதிரி கண்ணில் படாத திசையில் நின்றவர்கள் தேடிக்கொண்டே ஓடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கதையில் செய்த மாற்றங்களைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். புத்தகத்தில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரம் முழுக்கக் காணாமல் போனது. பில்போ மோதிரத்தை விட்டுப் போனதற்கும் ஃப்ரோடோ புறப்படுவதற்கும் நடுவில் புத்தகத்தில் 17 வருஷம், படத்தில் அது தெரியவே தெரியாது. இரண்டாம் பாகத்தின் ராட்சசச் சிலந்தி மூன்றாவது படத்துக்கு நகர்ந்தது. இதெல்லாம் எனக்குச் சம்மதம். ஆனால் ஹாபிட்கள் வெற்றியோடு ஊர் திரும்பி, அங்கே சொந்த ஊரே நாசமாகிக் கிடப்பதைப் பார்க்கும் கடைசிப் பகுதியை வெட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதுதான் அந்தப் புத்தகத்தின் உயிர். முதலில் இந்தத் திட்டம் மிராமாக்ஸ் நிறுவனத்திடம் இரண்டு படமாக இருந்து, ஒன்றாகச் சுருக்கச் சொல்லும் நிலைக்குப் போய், கடைசியில் நியூ லைன் நிறுவனத்தின் பாப் ஷே 'மூன்று புத்தகத்துக்கு ஏன் இரண்டு படம்?' என்று கேட்டதால் பிழைத்தது என்பதை நினைத்துக் கொஞ்சம் சமாதானம் ஆகிறேன்.

ரோஹனின் தலைநகரான எடோரஸைச் சொல்லாமல் விட முடியாது. மவுண்ட் சண்டே என்ற ஒற்றைக் குன்றின் மேல், ஆளைத் தள்ளும் காற்றில், மாதக்கணக்கில் பாடுபட்டு அரசனின் பொன் மண்டபத்தை எழுப்பினார்கள். வேலை முடிந்ததும் மொத்தத்தையும் பிரித்து எடுத்துவிட்டு நிலத்தைப் பழையபடி ஆக்கினார்கள். இன்று போனால் புல்லும் பாறையும்தான். எங்கள் பக்கம் ஒரு யூனிட், லைட் மாட்ட வசதியாக இருக்கிறதென்று தேக்குத் தூணில் மூன்று அங்குல ஆணி அடித்துவிட்டு, பிடுங்காமலே பேக்கப் சொல்லிவிட்டுப் போனது. வீட்டு ஆச்சி அதில் இப்போது காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

மேற்கொண்டு பார்க்க விரும்பினால், படங்களின் நீட்டிக்கப்பட்ட பதிப்பு டிவிடிகளில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு டிஸ்க் நிறைய தயாரிப்பு ஆவணப்படங்கள் உண்டு. முதல் படத்தின் டிஸ்க்கில் அளவு வித்தைகளைக் காட்டும் பகுதியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் மரவேலை தெரிந்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.