பகல்ல ஒட்டுது, ராத்திரி லைட் போட்டா திட்டா தெரியுது

ஹால் சுவத்துல பைப் லீக்குக்காக உடைச்சு பூசினோம், பழைய பெயிண்ட்டோட ஷேடு நம்பர் தொலைஞ்சு போச்சு, அதனால வேற கம்பெனி கடையில பழைய பெயிண்ட் துண்டை மெஷின்ல காட்டி கலர் கலந்தோம், பகல்ல சரியா இருக்கு, ராத்திரி எல்இடி போட்டா திட்டா தெரியுது, மெஷின் கோளாறான்னு கேட்டிருக்கீங்க.

மெஷின் மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியல. அது பேரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். நீங்க குடுத்த துண்டு மேல வெளிச்சத்தை அடிச்சு, 400லேர்ந்து 700 நானோமீட்டர் அலைநீளம் வரைக்கும் (கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம்) பொதுவா 10 நானோமீட்டருக்கு ஒரு தடவை எவ்வளவு திரும்பி வருதுன்னு அளக்கும், மொத்தம் 31 நம்பர், அந்த கலரோட கைரேகைன்னு வச்சுக்கங்க. அப்புறம் சாஃப்ட்வேர் தன்கிட்ட இருக்கிற கலரன்ட்டை (கலர் குடுக்கிற திரவம்) மட்டும் வச்சு, எந்த பேஸ்ல (கலர் கலக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற பெயிண்ட்) எது எத்தனை மில்லி விட்டா அந்த ரேகைக்கு கிட்ட வரும்னு கணக்கு போடும். சிக்கலே இங்கதான். பழைய பெயிண்ட்ல இருந்த மஞ்சளும் இந்த கடை மஞ்சளும் வேற வேற பிக்மென்ட்டா (நிறப்பொடி) இருக்கலாம், வெயில்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், லைட் மாறினா பிரிஞ்சிடும். இதுக்கு மெட்டாமெரிசம்னு பேரு. ஜவுளிக்கடையில பிளவுஸ் பிட்டை வாசலுக்கு எடுத்துட்டு போய் பாக்குறோம்ல, அதே கதைதான்.

இப்ப என்ன பண்ணலாம்னா, பூசின இடத்துக்கு பக்கத்துலயே சுவத்தை ஈரத்துணியால துடைச்சிட்டு பட்டித் தகட்டால ஒரு ரூபா காசு சைஸ்க்கு பெயர்த்து எடுங்க. சுவிட்ச் போர்டுக்குப் பின்னாடி எடுக்கச் சொல்லுவாங்க, வேண்டாம், அங்க வெளிச்சம் படாம கலர் புதுசாவே இருக்கும், உங்களுக்கு வேண்டியது இன்னைக்கு வெளுத்திருக்கிற கலர் (அதனால ஷேடு நம்பர் கிடைச்சிருந்தாலும் பெருசா பிரயோஜனம் இருந்திருக்காது). செல்ஃபோன் போட்டோ காட்டாதீங்க, கேமரா தன் இஷ்டத்துக்கு வெள்ளையை மாத்திடும். கடையில டெல்டா ஈ (ரெண்டு கலருக்கும் எவ்வளவு வித்தியாசம்னு சொல்ற நம்பர்) எவ்வளவுன்னு கேளுங்க, 1க்கு கீழ இருந்தா கண்ணுக்கு வித்தியாசம் தெரியிறது கஷ்டம், ஆனா அது எந்த லைட்டுக்குன்னும் சேர்த்து கேக்கணும், பகல் வெளிச்சத்துக்கு மட்டும் பாத்துட்டு குடுத்தா மறுபடி இதேதான்.

சின்ன டப்பா கலந்து வாங்கி அட்டையில ரெண்டு கோட் அடிச்சு ஒரு ராத்திரி காயவிட்டு, அதே ஹால் லைட்டுல சுவத்தோட சேர்த்து வச்சு பாருங்க. ஈரத்துல பாத்து முடிவு பண்ணாதீங்க, எமல்ஷன் காஞ்சா பெரும்பாலும் கொஞ்சம் டார்க் ஆகும். பழசு மேட்டா பளபளப்பான்னும் பாத்துக்கங்க, அந்த பளபளப்பு (ஷீன்) மாறினா கலர் சரியா இருந்தாலும் திட்டு தெரியும். அப்புறம் பூசின இடத்தை மட்டும் அடிக்காம மூலைலேர்ந்து மூலை வரைக்கும் அந்த ஒரு சுவரை முழுசா அடிச்சிடச் சொல்லுங்க, மூலை திரும்பினா வெளிச்சம் விழறதே மாறும், சின்ன வித்தியாசம் கண்ணுல படாது.