களத்துமேடு: பல் வெட்டிய கல்லும் இரும்பு மரக்காலும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் எடுத்த படம் அனுப்பியிருந்தான். நீளவாக்கில் பல் பல்லாக வெட்டிய பெரிய கல் உருளை. மெனோனைட் மக்கள் கோதுமை அடித்த கல்லாம். அவர்கள் யார்? கல்லில் பல் எதற்கு? எங்கள் கொட்டகையிலும் நுகத்தடி, வயலைச் சமன் செய்யும் பரம்புப் பலகை, நெல் அளக்கும் இரும்பு மரக்கால் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். போடலாமா?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: போட்டுவிடாதீர்கள் அம்மா. ஏன் என்று அந்தக் கல்லை வைத்தே சொல்கிறேன்.

மெனோனைட்டுகள் ஆயுதம் எடுக்கமாட்டோம் என்ற கொள்கையுள்ள கிறிஸ்தவர்கள். இன்றைய உக்ரைனின் தென்பகுதியில், அன்றைய ரஷ்யப் பேரரசில், தலைமுறைகளாக உழுதவர்கள். பட்டாளத்தில் சேர வேண்டியதில்லை என்று தந்திருந்த சலுகையை 1870களில் அரசு பறிக்கப் பார்த்தது. ஆயிரக்கணக்கானோர் நிலத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். 1874இல் கேன்சஸுக்கு வந்த கூட்டம் துருக்கிச் சிவப்பு என்ற கோதுமை விதையையும் கொண்டுவந்தது. முன்பனிக்கு முன்னே விதைத்து, குளிரைத் தாங்கி, கோடைத் தொடக்கத்தில் அறுப்பது. பிள்ளைகள் உட்கார்ந்து நல்ல மணியாகப் பொறுக்கி மூட்டை கட்டினார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். நம் பாட்டிமார் விதைநெல்லைப் புடைத்துப் பொறுக்கியதைப் பார்த்தவன் நான். எனக்கு அந்தக் கதையை நம்பத்தான் தோன்றுகிறது.

விதை கடல் தாண்டி வந்தது. கல்லை உள்ளூர்ச் சுண்ணாம்புப் பாறையிலேயே, பழைய ஊரில் இருந்த மாதிரி வெட்டிக்கொண்டார்கள். சுமார் இரண்டரை அடி நீளம், இரண்டடி குறுக்களவு. மரச் சட்டம் பூட்டிக் குதிரையை விட்டு இழுப்பார்கள். வழுவழுவென்று இருந்தால் தாளை நசுக்கிவிட்டுப் போய்விடும். பல் இருப்பதால் தடக் தடக்கென்று குதித்து உருளும்; ஒவ்வொரு குதிப்பிலும் காய்ந்த கதிரிலிருந்து மணி உதிரும். தர்மபுரிப் பக்கம் கேழ்வரகுக்குக் கல் உருளை ஓட்டுவார்கள், அதுவும் இந்த ஜாதிதான்.

நம் பக்கம் மாட்டுக் குளம்பே கல். வெண்ணாற்றங்கரையில் எங்கள் களத்தில், கதிர்க்கட்டைக் கையால் ஓங்கி அடிக்கும் தலையடி முடிந்ததும் தாளைப் பரப்பி, நாலைந்து மாட்டைப் பிணைத்துச் சுற்ற விடுவார்கள். மாடு வாலைத் தூக்கினால் ஒரு பிடி வைக்கோலோடு ஓடிப்போய்ச் சாணி நெல்லில் விழாமல் ஏந்தவேண்டும். எட்டு வயதில் அது என் வேலை. இரவு நிலா வெளிச்சத்தில் ஓடியது இன்னும் காலில் இருக்கிறது.

சரி, கல்லுக்கு வருவோம். கேன்சஸில் அது உழைத்தது சில ஆண்டுகள்தான். கதிரடிக்கும் எந்திரம் வந்ததும் களத்தைவிட்டு வெளியே போனது. ஆனால் யாரும் உடைத்துப் போடவில்லை. வீட்டு முற்றத்தில் வைத்தார்கள், அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். நார்த் நியூட்டனில் அவர்கள் 1887இல் தொடங்கிய பெத்தேல் கல்லூரிக்கு அந்தக் கல்தான் சின்னம். விளையாட்டு அணிக்கே ‘கதிரடிப்பவர்கள்’ என்றுதான் பெயர்!

சில ஆண்டு உழைத்த கல்லுக்கு அங்கே அந்த மரியாதை. உங்கள் மரக்கால் எத்தனை தலைமுறைக்குக் கூலி அளந்திருக்கும்? எங்கள் வீட்டு மரக்காலை நான் வெளியூரில் இருந்தபோது எடைக்குப் போட்டுவிட்டார்கள். இன்றும் ஆறவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் மாப்பிள்ளைச் சம்பா மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்தார். விதைக்கு ஒருவர் கிடைத்தார். கருவிகளுக்கு அவரவர் வீடுதான்.

நுகத்தடிக்கு வேப்பெண்ணெய் தடவிச் சுவரில் மாட்டுங்கள். எந்த மாட்டுக்கு, எந்த வயலுக்கு என்று உங்கள் மாமனாரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அந்த மரக்காலைத் துடைத்து, வாய் விளிம்பிலோ அடியிலோ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.