டிஸ்க் என்ற சொல்லை 'சி'யில் முடிப்பதா, 'கே'யில் முடிப்பதா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். ஹார்ட் டிஸ்க் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பாதிப் பேர் கடைசி எழுத்தைக் 'கே' என்று எழுதுகிறார்கள், மீதிப் பேர் 'சி' என்று எழுதுகிறார்கள். சிடி உறையில் 'சி'தான் இருக்கிறது. எது சரி? தவறாக எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். விடைத்தாள் கட்டு உங்கள் மேசையில் காத்திருக்கக்கூடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குக் 'கே', சிடிக்கும் டிவிடிக்கும் 'சி' என்பது இன்றைய அச்சு வழக்கு. ஆனால் இரண்டு எழுத்திலும் இருப்பது ஒரே சொல். பொருளில் எள்ளளவும் வேறுபாடு கிடையாது. மாணவர் 'சி' போட்டதால் அவருக்குப் பாடம் புரியவில்லை என்று ஆகிவிடாது.

கணினிப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். இந்தச் சொல்லை நூற்றுக்கணக்கான பக்கங்களில் திருத்தியிருக்கிறேன். ஒருமுறை நூலின் பின்னிணைப்பில் இருந்த எல்லா டிஸ்க்கையும் 'கே'யாக மாற்றி, காம்பாக்ட் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றி அனுப்பிவிட்டேன். நூலாசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் இந்த இரட்டை வழக்கு எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன்.

கிரேக்கத்தில் திஸ்கோஸ் என்றால் வீரர்கள் எறியும் வட்டு. அதுவே லத்தீனில் டிஸ்குஸ் ஆயிற்று. ஆங்கிலம் அதை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் வாங்கிக்கொண்டது. தட்டைக் குறிக்கும் டிஷ், மேசையைக் குறிக்கும் டெஸ்க், நம் டிஸ்க் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். டிஸ்க் என்ற வடிவம் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது 'கே'யோடுதான் வந்தது. லத்தீனின் சாயலில் 'சி' பிறகு சேர்ந்துகொண்டது. நாளடைவில் பிரிட்டன் 'சி' பக்கமும் அமெரிக்கா 'கே' பக்கமும் சாய்ந்தன.

இதில் கணினி எங்கே நுழைந்தது என்றால், 1956இல், அமெரிக்காவில். ஐபிஎம் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட ராமாக் கணினியில்தான் முதன்முதலாக ஹார்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தது. 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. அத்தனை பெரிய பெட்டியில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. செய்தவர்கள் அமெரிக்கர்கள், ஆகவே 'கே' போட்டார்கள். 1971இல் அதே நிறுவனம் 8 அங்குல ஃபிளாப்பி டிஸ்க்கைக் கொண்டுவந்தபோதும் 'கே' தொடர்ந்தது. மைக்ரோசாஃப்டின் டாஸ் (டிஸ்க் ஆப்பரேட்டிங் சிஸ்டம்) என்ற பெயரில் ஒளிந்திருக்கும் டிஸ்க்கிலும் 'கே'தான். ஆனால் 1980களில் பிரிட்டனின் பள்ளிகளுக்குப் போன பிபிசி மைக்ரோ கணினியில், ஃபிளாப்பியில் உள்ள கோப்புகளைக் கையாண்ட மென்பொருளின் பெயர் டிஸ்க் ஃபைலிங் சிஸ்டம். அங்கே 'சி'. எனவே, ஃபிளாப்பிக்குச் 'சி' போட்ட ஒரு தலைமுறையே அந்நாட்டில் படித்து வளர்ந்திருக்கிறது. உங்கள் மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்தால், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும்.

சிடியின் கதை வேறு. அது கணினிக் குடும்பத்தில் பிறக்கவில்லை, இசைத்தட்டுக் குடும்பத்தில் பிறந்தது. இசைத்தட்டுக்கு அமெரிக்கர்கள்கூடச் 'சி'தான் போட்டார்கள். டிஸ்க் ஜாக்கி என்ற சொல்லில் அது இன்றும் இருக்கிறது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய காம்பாக்ட் டிஸ்க் 1982இல் கடைக்கு வந்தபோது, அதன் முத்திரையிலேயே 'சி' பதிந்துவிட்டது. டிவிடியும் புளூரேயும் அந்த வழியைப் பின்பற்றின. காந்தத்தால் பதிபவற்றுக்குக் 'கே', ஒளியால் படிப்பவற்றுக்குச் 'சி' என்ற இன்றைய பிரிவினை இப்படித் தானாக அமைந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் உதவிப் பக்கம் ஒன்றில் இதை இப்படியே விளக்கியிருக்கிறது. வகுப்பில் சொல்ல எளிய வழி ஒன்று உண்டு: காந்தத்துக்குக் 'கே'. ககரம் ககரத்தோடு சேரும், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லையே இல்லை. ஹார்ட் டிஸ்க், சிடி டிஸ்க், பைக்கின் டிஸ்க் பிரேக், முதுகில் விலகும் டிஸ்க், எல்லாம் ஒரே 'டிஸ்க்'. வட்டு என்று எழுதினால் இன்னும் நல்லது. 401ஆம் குறளில் 'வட்டாடி' என்று வரும் பழைய சொல் அது. தென்மாவட்டங்களில் கருப்பட்டியை இன்றும் வட்டுக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். கையில் எடுத்துப் பார்க்கும் உருவம் உடனே மனத்தில் வருகிறதே, அதுதான் நல்ல கலைச்சொல்லுக்கு அடையாளம். நம் குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது: நிலைவட்டு, வன்வட்டு, வன்தட்டு என்று ஒரே பொருளுக்கு மூன்று பெயர். சிடிக்குக் குறுவட்டு, குறுந்தகடு, இலங்கையில் இறுவட்டு. எதுவும் தவறில்லை. ஒரு நூலுக்குள் ஒன்றையே ஆள வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை வட்டு என்று எழுதுவதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை, அதற்குள் சுழலும் வட்டு எதுவும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேமிப்பகச் சொற்களில் உண்மையிலேயே ஆபத்தான எழுத்து 'சி'யோ 'கே'யோ அல்ல. அது 'பி'.

தகவலின் மிகச்சிறிய அலகான பிட் என்ற சொல் 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில் அச்சேறியது. சொல்லைத் தந்தவர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டார். பைட் என்ற சொல்லை 1956இல் ஐபிஎம்மில் பணியாற்றிய வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கினார். கடிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்தவர், நடுவில் இருந்த 'ஐ' எழுத்தை வேண்டுமென்றே 'ஒய்' ஆக்கினார். கடைசி எழுத்து தவறி விடுபட்டால் பைட், பிட் ஆகிவிடுமே என்ற அச்சம்தான் காரணம். ஓர் எழுத்துப்பிழை வருமுன்பே அதற்கு அணை போட்ட மனிதர் என்பதால், மெய்ப்புப் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

ஆனால் சுருக்கக் குறியீட்டில் அந்த அணை உடைந்துவிட்டது. ஆங்கிலத்தில் சிறிய 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். இன்று ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எழுத்தின் அளவு மாறினால் கணக்கு எட்டு மடங்கு மாறும். தமிழிலோ சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்பதே கிடையாது. மெகாபிட்டும் எம்.பி., மெகாபைட்டும் எம்.பி.

இதில் நானே ஒரு நூலைக் கெடுத்திருக்கிறேன். அந்த நூலில் சில இடங்களில் மெகாபிட் என்றும் சில இடங்களில் மெகாபைட் என்றும் இருந்தது. எழுத்தில் சீர்மை வேண்டும் என்று நினைத்து எல்லாவற்றையும் எம்.பி. ஆக்கினேன். பயிற்சிப் பகுதியில் ஒரு கணக்கு: நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 5 ஜிகாபைட் கோப்பு இறங்க எவ்வளவு நேரமாகும்? சரியான விடை 400 நொடி, நூலின் கடைசியிலும் அதுவே இருந்தது. என் திருத்தத்துக்குப் பிறகு '100 எம்.பி. வேகம், 5 ஜி.பி. கோப்பு' என்று படித்த பிள்ளைகளுக்கு 50 நொடி என்ற விடைதான் கிடைத்தது. தன் வகுப்பு முழுவதும் ஒரு பாடவேளை அந்தக் கணக்கோடு போராடியதாக ஓர் ஆசிரியை பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். பிழை பிள்ளைகள்மேல் இல்லை, என்மேல்தான். அடுத்த அச்சில் ஒவ்வோர் இடமாகத் தேடி முழுச் சொல்லாகத் திருப்பி எழுதினேன். அன்றிலிருந்து எம்.பி. என்ற சுருக்கத்தை வேகத்துக்கு நான் அனுமதிப்பதில்லை.

ஜிகாவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கிலோ, மெகா, ஜிகா என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் தயாரிப்பாளர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. ஒரு டெராபைட் வட்டு வாங்கி இணைத்தால் திரையில் 931 ஜி.பி. என்று காட்டுவது இதனால்தான். யாரும் ஏமாற்றவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட 1998இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்ற பெயர்களைத் தந்தது. கடைத்தெருவில் அவை இன்னும் நுழையவில்லை. 1.44 எம்.பி. என்று அச்சிட்ட பழைய ஃபிளாப்பி இரண்டு கணக்கிலும் சேராது. அதன் கொள்ளளவு 14,74,560 பைட், அதாவது 1440ஐ 1024ஆல் பெருக்கிய எண். ஒரு ஆயிரமும் ஒரு 1024உம் கலந்த மெகா அது. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் யாராவது இருந்தால் அந்த எண்ணைக் கொடுத்து 1.44 எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் விடைத்தாள்களுக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குச் 'சி' போட்டவருக்கு முழு மதிப்பெண் கொடுத்து, ஓரத்தில் 'கே' என்று பென்சிலால் எழுதினால் போதும். இணைய வேகத்துக்குப் பெரிய 'பி' போட்டவருக்கு அரை மதிப்பெண்ணாவது குறையுங்கள். குறைத்ததோடு அந்த 400 நொடிக் கணக்கையும் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டிவிடுங்கள்.