உங்க பாட்டு ரேடியோல வரணுமா? கேளுங்க, சொல்றேன்

வணக்கம் மக்களே. தென் மாவட்டத்துல ஒரு சமுதாய வானொலில, அதாவது சுத்துவட்டார மக்களுக்காக ஓடுற சின்ன ரேடியோ ஸ்டேஷன்ல, நிகழ்ச்சி தயாரிக்கிறேன், ஊர்த் திருவிழா இசை நிகழ்ச்சிங்கள போய் ரெக்கார்ட் பண்ணிட்டு வர்றதும் நம்ம வேலைதான். புதுசா பாடுறவங்களும் விழா நடத்துறவங்களும் கேட்ட கேள்விங்கள எடுத்து ஒவ்வொண்ணா பதில் எழுதிருக்கேன்.

திண்டுக்கல் தம்பி: சொந்தமா பாட்டு எழுதி நானே ட்யூன் போடுறேன் அண்ணே. பெரிய எஃப்எம்களுக்கு மெயில் போட்டுட்டே இருக்கேன், ஒரு பதிலும் இல்ல. வேற எங்கதான் போறது?

தம்பி, தனியார் எஃப்எம் ஓடுறது விளம்பரக் காசுல, என்ன பாட்டு போடணும்ங்கிற லிஸ்ட் பெரும்பாலும் மேல இருந்து வரும், அங்க இருக்குற ஆர்ஜேவே ஆசைப்பட்டாலும் உங்க பாட்ட நினைச்ச நேரத்துல போட முடியாது. முதல்ல உங்க ஊருக்குப் பக்கத்துல இருக்குற சமுதாய வானொலிக்குப் போங்க. 2004 பிப்ரவரி 1ல அண்ணா பல்கலைக்கழகத்துல அண்ணா எஃப்எம் ஆரம்பிச்சதுதான் நாட்டுலயே முதல் வளாக சமுதாய வானொலி, அப்புறம் 2006ல தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம்னு அரசு சொன்னதும் கடலோரத்துலயும் கிராமத்துலயும் ஸ்டேஷன் வர ஆரம்பிச்சது. பாம்பன்ல மீனவ மக்களுக்காக ஓடுற கடல் ஓசை 90.4 அப்படி 2016ல வந்ததுதான். விதிப்படி குறைஞ்சது பாதி நிகழ்ச்சி உள்ளூர்லயே தயாரிச்சதா இருக்கணும். அதாவது டெய்லி இத்தன மணி நேரம் உள்ளூர்ச் சரக்கால நிரப்பியாகணும், அதுக்கு ஆளு கிடைக்காம நாங்க அலையுறோம், நீங்க என்னடான்னா மெயில் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க. நேர்ல போங்க. பென்டிரைவ்ல பாட்டு, கூடவே ஒரு பேப்பர்ல பாட்டுப் பேரு, எழுதினது யாரு, இசை யாரு, வாசிச்சவங்க பேரு, எந்த ஊரு, இந்தப் பாட்டு எதப் பத்தினதுன்னு ரெண்டு வரி. அந்த ரெண்டு வரி இல்லாததாலயே டேபிள்ல கிடக்குற பாட்டு நிறைய, ஏன்னா பாட்டுக்கு முன்னாடி என்ன பேசுறதுன்னு அறிவிப்பாளருக்குத் தெரியாது.

இன்னொருத்தர்: சமுதாய வானொலி சுத்துவட்டாரத்துல பத்து கிலோமீட்டர் கேட்டாலே பெருசு. அதுல என்ன பிரயோஜனம்?

உங்களுக்கு அட்வான்ஸ் குடுக்குற கோயில் கமிட்டிக்காரரும் ஸ்கூல் ஆண்டு விழா நடத்துற ஹெச்எம்மும் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்ளதான் இருக்காங்க. கொல்லங்குடி கருப்பாயி அம்மா வானொலில நாட்டுப்புறப் பாட்டு பாடிட்டு இருந்தவங்கதான், அங்க இருந்துதான் 1985ல சினிமாவுக்கே கூப்பிட்டாங்க.

கும்பகோணத்துல இருந்து ஒரு அப்பா: பொண்ணு கர்நாடக சங்கீதம் பத்து வருஷமா கத்துக்கிறா. ஆகாசவாணி ஆடிஷன் ரொம்பக் கஷ்டம்னு பயமுறுத்துறாங்க. போகலாமா சார்?

கண்டிப்பா போகணும் சார். கஷ்டம்தான், ஆனா அது நல்ல கஷ்டம். 1950கள்ல கொண்டு வந்த முறை அது, பாடுறது யாருன்னு மதிப்பிடுறவங்களுக்குத் தெரியக்கூடாதுங்கிறதுதான் அதோட அடிப்படை. பேரும் தெரியாது, குருநாதர் யாருன்னும் தெரியாது, அதனால சிபாரிசு இல்லாத பிள்ளைக்கு இதவிட நியாயமான இடம் இல்லன்னுதான் நான் சொல்வேன். பி, பி ஹை, ஏ, டாப்னு கிரேடு. கர்நாடகம் மட்டும் இல்ல, மெல்லிசை, நாட்டுப்புறப் பாட்டுக்கும் ஆடிஷன் உண்டு. எனக்குத் தெரிஞ்ச பிள்ளைங்க பல பேரு தடுமாறுறது பாட்டுல இல்ல, என்னென்ன பாடத் தெரியும்னு எழுதிக் குடுக்குற லிஸ்ட்லதான். பெருசா இருக்கட்டும்னு தெரிஞ்சது தெரியாதது எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுவாங்க, கேக்குறவங்க அதுல அரைகுறையா தெரிஞ்ச ஒண்ண பாடச் சொல்லிட்டா முடிஞ்சது. நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் பாடுவேங்கிறத மட்டும் எழுதச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ‘இளையபாரதம்’ மாதிரி இளைஞர் நிகழ்ச்சில ஒருக்கா பாடட்டும், ஸ்டுடியோ மைக் முன்னாடி நிக்கிற கூச்சம் போயிடும்.

மேலூர் பறைக் குழு: செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புனோம், ஒலி உடையுதுன்னு திருப்பிட்டாங்க. ஸ்டுடியோவுக்குக் குடுக்க காசு இல்ல தோழர்.

ஸ்டுடியோ வேண்டாம் தோழர், சின்ன ஸ்டுடியோவுக்குள்ள பறைய அடிச்சா செவுத்துல மோதி இரைச்சல்தான் மிஞ்சும். திறந்தவெளிதான் பறைக்கு நல்லது. காத்து அதிகமில்லாத நேரமா, காலையில வெள்ளன, ஒரு களத்துலயோ தோப்புலயோ நில்லுங்க. போன நெஞ்சுக்கு நேரா பக்கத்துல பிடிக்காதீங்க, பத்து பதினஞ்சு அடி தள்ளி ஒரு ஸ்டூல் மேல துண்ட விரிச்சு வைங்க, போன்ல ஒலி அளவ கையால குறைக்கிற ஆப் ஏதாவது போட்டு, உச்சமா அடிக்கும்போதும் மீட்டர் சிவப்புக்குப் போகாத மாதிரி வைங்க. ஒலி கம்மியா இருந்தா நாங்க ஏத்திக்குவோம், உடைஞ்ச ஒலிய எவராலயும் ஒட்ட முடியாது. இன்னொண்ணு, பறைய தீயில காய்ச்சின சூடு இருக்கும்போதே எடுத்துடுங்க. பறைய காய்ச்சி வெச்சுட்டு போன் செட் பண்ணி, ஆள நிறுத்தி, டெஸ்ட் பாத்து முடிக்கிறதுக்குள்ள தோல் தளர்ந்து அந்தக் கணீர் போயிடும். எல்லாத்தையும் செட் பண்ணிட்டுக் கடைசியா காய்ச்சுங்க. சுண்டுக் குச்சி, அதான் அந்த மெல்லிசான நீளக் குச்சி, பேசுறது தனியா கேக்கணும், அதுதான் உங்க அடையாளம், எல்லாரும் ஒரே இடத்துல கும்பலா நிக்காம அரைவட்டமா நின்னீங்கன்னா அது கேக்கும்.

ஒரு ராப் தம்பி: ஹெட்போன்ல சூப்பரா இருக்குற என் ட்ராக் ரேடியோல வந்தப்போ குரலே காணோம். ஸ்டேஷன் தப்பா?

இல்லப்பா, உங்க மிக்ஸ்தான். குரல அகலமா காட்ட எஃபெக்ட் போட்டிருப்பீங்க. டீக்கடை ரேடியோவுலயும் பல போன் ஸ்பீக்கர்லயும் ரெண்டு சேனலும் ஒண்ணாச் சேர்ந்து மோனோவாத்தான் வரும், அப்போ ஒண்ண ஒண்ணு அழிச்சுடும். அனுப்புறதுக்கு முன்னாடி மோனோல ஒருதடவ கேளுங்க. மாஸ்டர் பண்றப்போ சத்தத்த அமுக்கி ஏத்தாதீங்க, ஸ்டேஷன்லயே சத்தத்த அமுக்கிச் சமப்படுத்துற கம்ப்ரஸர் ஒண்ணு இருக்கு, ரெண்டு தடவ அமுக்கினா பாட்டு மூச்சு வாங்கும். கெட்ட வார்த்தை இல்லாத வெர்ஷன் ஒண்ணும் சேர்த்து அனுப்புங்க.

கேள்வி: சினிமா பாட்ட கவர் பண்ணி அனுப்பலாமா? என் சொந்தப் பாட்டுக்கு காசு வருமா?

கவர் வேண்டாம். உரிமை இன்னொருத்தர்கிட்ட இருக்கு, அதுவும் போக ஒரிஜினலே கையில இருக்கும்போது எதுக்கு உங்க கவரப் போடணும்? சொந்தப் பாட்டுன்னா 2012ல திருத்தின காப்புரிமைச் சட்டத்த தெரிஞ்சு வெச்சுக்கோங்க, பாட்டு எழுதினவங்களுக்கும் இசையமைச்சவங்களுக்கும் சேர வேண்டிய ராயல்டிப் பங்க எழுதி வாங்கிட முடியாதுன்னு அதுல இருக்கு. பாட்டு எழுதுறவங்க, இசையமைக்கிறவங்களுக்கு ராயல்டி வசூலிச்சுக் குடுக்குற ஐபிஆர்எஸ் அமைப்புல மெம்பராகி ஒவ்வொரு பாட்டையும் பதிவு பண்ணுங்க. எங்கள மாதிரி சின்ன ஸ்டேஷன்ல இருந்து பெருசா எதுவும் வராது, அத நேராவே சொல்லிடுறேன், ஆனா நாளைக்கு அந்தப் பாட்டு எங்கயாவது பெருசா போச்சுன்னா அப்போ பதிவு பண்ண ஓட முடியாது. ஊர்ல காலங்காலமா பாடுற பாட்டுன்னா யார்கிட்ட கத்துக்கிட்டீங்களோ அவங்க பேரச் சொல்லிட்டுப் பாடுங்க.

நாகர்கோவில் பக்கம் ஒரு விழாக் கமிட்டி: ஊர்க் கோயில் கொடை விழாவோட சேர்த்து ரெண்டு நாள் வில்லிசை விழா நடத்துறோம். ரேடியோவ எப்படி உள்ள கொண்டு வர்றது?

அய்யா, பெரும்பாலும் விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் போன் வரும், ‘ஒரு விளம்பரம் போடுங்க’ன்னு. அப்போ எங்களால ஒண்ணும் பெருசா பண்ண முடியாது. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வாங்க. வாரத்துக்கு ஒரு குழுவ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்து அரைமணி நேரம் பேச்சும் பாட்டுமா போடுவோம், விழா வர்றதுக்குள்ள ஜனங்களுக்கு அண்ணாவி, அதாவது வில்லிசைல கதை சொல்லி முன்னாடி பாடுறவரு, பேரு தெரிஞ்சிருக்கும். புதுக் குழு ஒண்ணுக்கு ரெண்டு நாளும் முதல் இருபது நிமிஷத்த ஒதுக்குங்க, யாருக்கு அந்த நேரம்ங்கிறத நேயர்களே போன் பண்ணிச் சொல்லட்டும்.

ஒலிப்பதிவு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. மைக்செட்காரர்கிட்ட மிக்ஸர்ல இருந்து ஒரு அவுட் வாங்கினா போதும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. குடமும் உடுக்கையும் மேடையிலயே சத்தமா கேக்குறதால அவரு அதுக்கு மைக்க கம்மியா வெச்சிருப்பாரு, வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா அண்ணாவி குரல் மட்டும் மொட்டையா இருக்கும், பின்பாட்டு ‘ஆமா’ போடுறது எங்கயோ தூரத்துல கேக்கும். அதனால கூட்டத்துக்கு நடுவுல தனியா ரெண்டு மைக் வெச்சு எடுத்து அதோட சேர்க்கணும். குடத்து வாய்க்கு நேரா மைக் வைக்காதீங்க, காத்து அடிக்கிற சத்தம்தான் விழும், கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்ல, அதனால கதைய சுருக்கச் சொல்லி குழுவ விரட்டுறாங்க. முழுக்கதையையும் பகல்ல தனியா பாட வெச்சு எங்கள பதிவு பண்ண விடுங்க, நாங்க ஏழெட்டு ராத்திரியா பிரிச்சு ஒலிபரப்புறோம். ஒலிபரப்ப சம்மதம்னு கலைஞர்கள்கிட்ட கையெழுத்தும், ஒலிபரப்புக்குன்னு தனியா ஒரு தொகையும் குடுங்க. அந்தத் தொகைக்கு உள்ளூர்க் கடைக்காரங்ககிட்ட விளம்பரம் கேளுங்க, சமுதாய வானொலிக்கு மணிக்கு 7 நிமிஷம்னு இருந்த விளம்பர நேரத்த 2024ல 12 நிமிஷமா ஆக்கியிருக்காங்க.

கேள்வி: வெளிநாட்டுல எல்லாம் ரேடியோ புதுப் பாடகர்கள தூக்கி விடுதாமே?

ஆமாங்க. இங்கிலாந்துல பிபிசி 2007ல இருந்து ‘இன்ட்ரட்யூசிங்’னு நடத்துது, யாரும் பாட்ட அப்லோட் பண்ணலாம், அது அந்தந்த ஊர் பிபிசி ஸ்டேஷனுக்குப் போகும், அங்க பிடிச்சா தேசிய ஸ்டேஷன் வரைக்கும், கிளாஸ்டன்பரி விழா மேடை வரைக்கும் ஏறலாம். நம்மகிட்ட ஸ்டேஷன் இருக்கு, விழாவும் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல அந்தப் படிக்கட்டுதான் இல்ல. ஆகாசவாணியும் சமுதாய வானொலிங்களும் கலை பண்பாட்டுத் துறையும் சேர்ந்து உக்காந்தா பெரிய செலவில்லாம பண்ணலாம், இத நான் போற கூட்டத்துல எல்லாம் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

ஒரு தங்கச்சி: எங்க அம்மாவுக்கு வயசு 67. நடவுப் பாட்டு நிறைய தெரியும், மேடையே ஏறினதில்ல. அவங்கள எல்லாம் புதுக் கலைஞர்னு எடுத்துப்பீங்களா அண்ணா?

எடுத்துக்காம என்னம்மா. இதுவரைக்கும் ரேடியோல வராத குரல் எதுவா இருந்தாலும் எங்களுக்குப் புதுசுதான். மாவட்டக் கலை மன்றம் குடுக்குற விருதுல 66 வயசுக்கு மேல ‘கலை முதுமணி’ன்னே ஒரு பிரிவு இருக்கு, பாட்டு ஒலிபரப்பானா அந்த விண்ணப்பத்தோட அதையும் சேர்த்துக் காட்டலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்துலயும் பதிவுக்குக் கேட்டுப் பாருங்க. ஆனா அவசரப்பட்டு அம்மாவ ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வராதீங்க. ஏசி ரூம்ல ஹெட்போன மாட்டி உக்கார வெச்சா அவங்களுக்குப் பாட்டே மறந்துரும். கூட நடவு நட்ட ரெண்டு மூணு பேர வரச் சொல்லுங்க, ஒருத்தர் எடுத்துக் குடுத்தாத்தான் அடுத்தவங்களுக்கு வரி வரும். உங்க ஊரு எங்க ஸ்டேஷன் எல்லைக்குள்ளன்னா மெசேஜ்ல ஊர்ப் பேரப் போடுங்க, நடவு நாளாப் பாத்து ரெக்கார்டர எடுத்துட்டு நாங்களே வரப்புக்கு வந்துடுறோம்.